உரைத் தொகுப்பிக்கு ஒரு தமிழ்த் துணை: சாக்கெட் இணைப்பு ஓர் அறிமுகம்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் பயின்ற எல்லாருக்கும் ஒரு விதி மனப்பாடமாக இருக்கும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஓர்’ வர வேண்டும். உயிர்மெய் எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஒரு’ வர வேண்டும். ஓர் ஊர், ஒரு மரம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் எனக்கு, இந்த விதியும் நிரலாக்கமும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவையாகவே நெடுங்காலம் இருந்தன. ஒன்றைத் தமிழில் கற்றேன். மற்றொன்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றேன். இவ்விரண்டையும் இணைக்கும் ஓர் எளிய வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் எழுதும் உரைத் தொகுப்பி ஒரு பக்கம். தமிழ் இலக்கண விதி தெரிந்த ஒரு சிறு நிரல் மறுபக்கம். இரண்டும் ‘சாக்கெட்’ எனப்படும் இணைப்பின் வழியே பேசிக்கொள்கின்றன. இந்த உரையாடல் எப்படி நடக்கிறது, தமிழ் எழுத்து அதில் எங்கெங்கே தடுக்குகிறது, அத்தடையை எப்படி நீக்குவது என்பவற்றைப் பார்ப்போம். கணினித் துறை சாராத வாசகர்களும் தொடரக்கூடிய வகையிலேயே எழுத முயன்றுள்ளேன்.

தொகுப்பிக்கு எல்லாம் தெரிய வேண்டுமா?

எழுத்தின் அளவு, வண்ணம், பக்க அமைப்பு ஆகிய எதுவுமின்றி வெறும் உரையை மட்டும் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே உரைத் தொகுப்பி. டெக்ஸ்ட் எடிட்டர் என்று விரிவுரை அறைகளில் சொல்வது இதைத்தான். குனு ஈமேக்ஸ் 1985இலும், விம் 1991இலும், விஷுவல் ஸ்டூடியோ கோட் 2015இலும் வெளிவந்தன. இவை மூன்றும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் இவற்றுக்குக் கூடுதல் வசதி சேர்க்க வேண்டுமானால் மூன்றுக்கும் மூன்று வேறு மொழிகளில் நிரல் எழுத வேண்டும்.

‘ஓர்/ஒரு’ விதியை ஈமேக்ஸின் லிஸ்ப் மொழியில் எழுதினால் விம் பயன்படுத்துவோருக்கு அதனால் பயனில்லை. நான்கு தமிழ்க் கருவிகளை மூன்று தொகுப்பிகளுக்குக் கொண்டு செல்ல 12 முறை நிரல் எழுத வேண்டியிருக்கும். அதோடு, ஒரு மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே எழுதப்பட்ட கருவி, அந்த மென்பொருள் வழக்கொழியும்போது தானும் வழக்கொழிகிறது. நேரமும் ஆளும் குறைவாக உள்ள தமிழ்க் கணிமைக்கு இது பேரிழப்பு.

மாறாக, எல்லாத் தொகுப்பிகளும் எல்லாக் கருவிகளும் ஒரே பேச்சுமுறையை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முறை, ஒவ்வொரு தொகுப்பிக்கும் ஒரு முறை என 7 முறை எழுதினால் போதும். பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. தொகுப்பிக்குத் தமிழ் இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் கேட்கத் தெரிந்தால் போதும்.

சாக்கெட் என்பது என்ன?

ஒரு கணினியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று இன்னொன்றோடு பேச இரண்டு விவரங்கள் வேண்டும்: எந்தக் கணினி, அந்தக் கணினியில் எந்த நிரல். முதலாவதை ஐபி முகவரி சொல்கிறது. இரண்டாவதைப் போர்ட் எண் சொல்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரியையும் வீட்டு எண்ணையும் போல இவற்றைக் கருதலாம். போர்ட் எண் 0 முதல் 65535 வரை இருக்கலாம்.

இவ்வாறு முகவரியும் எண்ணும் கொண்ட இணைப்பின் முனையே சாக்கெட். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளப் பதிப்பு வழியாகப் பரவிய இந்த முறையையே இன்றைய இயங்குதளங்கள் அனைத்தும் சிறு மாறுதல்களுடன் பின்பற்றுகின்றன.

இணைப்பில் ஒரு நிரல் குறிப்பிட்ட போர்ட்டில் காத்திருக்கும். அதை ‘வழங்கி’ என்பர். இன்னொரு நிரல் அந்த எண்ணுக்கு அழைப்பு விடுக்கும். நம் எடுத்துக்காட்டில் இலக்கணம் தெரிந்த நிரல் வழங்கி, தொகுப்பி அழைப்பவர். இரண்டும் ஒரே கணினியில் இருந்தாலும் இதே முறைதான். அப்போது பயன்படும் முகவரி 127.0.0.1. இந்த முகவரிக்கு அனுப்பப்படும் எதுவும் கணினியை விட்டு வெளியே செல்லாது.

தொகுப்பியே துணை நிரலைத் தொடங்கி அதன் உள்ளீடு, வெளியீட்டுக் குழாய்கள் வழியே பேசும் முறையும் உண்டு. அது எளிது. ஆனால் அப்படித் தொடங்கப்பட்ட நிரல் பெரும்பாலும் தொகுப்பியை மூடும்போது தானும் முடிந்துவிடும். சாக்கெட் வழியே பேசும் வழங்கியோ தனித்து நிற்கிறது. பெரிய அகராதியை ஒரு முறை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று தொகுப்பிகளுக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்லவும் அதனால் முடியும்.

விம் தொகுப்பியில் இந்த வசதி 2016 செப்டம்பரில் வெளிவந்த 8.0ஆம் பதிப்பில் ‘சேனல்’ என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே நெட்பீன்ஸ் என்னும் நிரலாக்க மென்பொருளுடன் சாக்கெட் வழியே பேசும் வசதி அதில் இருந்தது. ஈமேக்ஸோ தானே வழங்கியாக நின்று, கோப்பைத் திறக்கும்படி பிற நிரல்கள் கேட்கும்போது திறந்து கொடுக்கக்கூடியது.

இணைப்பு கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. தொலைபேசி இணைப்புக் கிடைத்தாலும் இருவருக்கும் பொதுவான பேச்சுமுறை வேண்டும் அல்லவா? இங்கே மூன்று உடன்பாடுகள் தேவைப்படுகின்றன. மூன்றாவதில்தான் தமிழின் சிக்கல் முழுமையாக வெளிப்படுகிறது.

முதல் உடன்பாடு: செய்தி எங்கே முடிகிறது?

சாக்கெட் வழியே பெரும்பாலும் பயன்படும் டிசிபி முறையில் செய்திகள் தனித்தனி உறைகளில் வருவதில்லை. குழாயில் வரும் தண்ணீரைப் போலப் பைட்டுகள் வரிசையாக வருகின்றன. ஒரு முறை அனுப்பியது இரண்டு துண்டாக வந்து சேரலாம். இரண்டு முறை அனுப்பியது ஒன்றாகவும் வந்து சேரலாம். வரிசை மாறாது என்பது மட்டுமே உறுதி.

தமிழுக்கு இது ஏன் முக்கியம்? யூனிகோட் முறையில் தமிழ்க் குறியீடுகளை யூடிஎஃப்-8 வடிவில் அனுப்பும்போது ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். பயிற்சி நூல்களில் காணும் பல எடுத்துக்காட்டு நிரல்கள் ஒரு நேரத்தில் 1024 பைட்டுகளை வாங்கி, அவற்றை உடனே எழுத்தாக மாற்றுகின்றன. ஆங்கில உரையில் எங்கே வெட்டினாலும் எழுத்து சிதையாது. தமிழ் உரையிலோ 341 குறியீடுகளுக்கு 1023 பைட்டுகள். மிஞ்சிய 1 பைட் அடுத்த குறியீட்டின் தலை மட்டும். தலையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தாக மாற்ற முயலும் நிரல் அங்கேயே பிழை காட்டி நிற்கும்.

தீர்வு எளிது. வந்த பைட்டுகளைப் பைட்டுகளாகவே சேர்த்து வைக்க வேண்டும். செய்தி முழுமையானது என்று தெரிந்த பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும். முழுமையை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் வரிமுறிவுக் குறி இடுவது. விம் தன் ஜேசான் செய்திகளுக்கு இதையே செய்கிறது. தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை. வரிமுறிவின் மதிப்பு 10. ஆகவே வரிமுறிவில் வெட்டினால் எந்தத் தமிழ் எழுத்தும் நடுவில் அறுபடாது. மற்றொரு வழி, செய்திக்கு முன்னரே அதன் நீளத்தைச் சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லும் நீளம் எழுத்துகளின் எண்ணிக்கையா, பைட்டுகளின் எண்ணிக்கையா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டும்.

பைத்தன் மொழியின் ஜேசான் கருவி, நாம் வேறு விதமாகக் கேட்காவிட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் பின்சாய்கோடு, ஓர் ஆங்கில எழுத்து, நான்கு பதினாறடிமான இலக்கங்கள் என ஆறு குறிகளாக மாற்றி எழுதும். ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட்டுகளுக்குப் பதிலாக 30 பைட்டுகளாகிவிடும். பொருள் மாறாது, நீளம் மாறும். எனவே நீளத்தை இறுதி வடிவத்தில்தான் அளக்க வேண்டும்.

இரண்டாம் உடன்பாடு: எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்?

விம்மின் ஜேசான் முறையில் ஒவ்வொரு கேள்வியும் ஓர் எண்ணுடன் செல்கிறது. பதிலும் அதே எண்ணுடன் திரும்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, தொகுப்பி இவ்வாறு அனுப்புகிறது:

[1, "அது ஒரு ஊர்."]

வழங்கி இவ்வாறு பதில் சொல்கிறது:

[1, [4, 3, "ஓர்"]]

முதலில் உள்ள 1 கேள்வியின் எண். அடுத்து வருவது, ‘4ஆம் இடத்தில் தொடங்கி 3 குறியீடுகளை நீக்கி ஓர் என்று இடுக’ என்பதாகும். இந்த 4, 3 ஆகியவற்றின் பொருளை அடுத்த பகுதியில் காண்போம்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதா, வேலையைத் தொடர்வதா என்பது இன்னொரு கேள்வி. விம் இரண்டுக்கும் இடம் தருகிறது. காத்திருக்கும் முறையில், வேறு அளவு குறிப்பிடாவிட்டால், 2000 மில்லிவினாடிகள், அதாவது 2 வினாடிகள் வரை அது பதிலை எதிர்பார்க்கும். அதுவரை நாம் எதையும் தட்டச்சு செய்ய முடியாது. மற்றொரு முறையில் கேள்வியை அனுப்பிவிட்டு நாம் எழுதிக்கொண்டே இருக்கலாம். பதில் வந்ததும் அதற்கென நாம் குறித்து வைத்த செயற்கூறு இயங்கும்.

இரண்டாம் முறையே எழுதுவோருக்கு ஏற்றது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. பதில் வருவதற்குள் நாம் அந்த வரியையே மாற்றியிருக்கலாம். பழைய வரிக்கான திருத்தத்தைப் புதிய வரியில் இட்டால் நல்ல சொல்லும் கெட்டுவிடும். விம்மில் ஒவ்வோர் உரைக்கும் ஒரு மாற்ற எண் உண்டு. உரை மாறும்போதெல்லாம் அது கூடும். கேட்டபோது இருந்த எண்ணும் பதில் வரும்போது உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே திருத்தத்தை ஏற்க வேண்டும். இல்லையேல் பதிலைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

மூன்றாம் உடன்பாடு: எதை எண்ணுகிறோம்?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டு மாணவரும் மூன்று என்பார்: த, மி, ழ். யூனிகோடுக்கு அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் அது 15 பைட்டுகள். மூன்றும் சரியான விடைகளே. எந்த விடையை ஒருவர் சொல்கிறார், எந்த விடையை மற்றவர் எதிர்பார்க்கிறார் என்பதில்தான் குழப்பம்.

மேலே கண்ட ‘அது ஒரு ஊர்.’ என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். ‘ஒரு’ என்னும் சொல் எங்கே தொடங்குகிறது? சுழியத்திலிருந்து எண்ணினால், நம் பள்ளிக்கூடக் கணக்கில் ‘அ’, ‘து’, இடைவெளி என மூன்றைக் கடந்து 3ஆம் இடம். யூனிகோட் குறியீட்டுக் கணக்கில் அ, த, உகரக் குறி, இடைவெளி என நான்கைக் கடந்து 4ஆம் இடம். பைட் கணக்கில் 3 குறியீடுகளுக்கு 9, இடைவெளிக்கு 1 என 10ஆம் இடம். விம் பத்தியைப் பைட்டுகளில், அதுவும் ஒன்றிலிருந்து எண்ணுவதால் அங்கே விடை 11.

பைத்தனில் எழுதிய வழங்கி 4 என்று சொல்லும். ஏனெனில் பைத்தன் குறியீடுகளை எண்ணுகிறது. தொகுப்பி அந்த 4ஐப் பைட் கணக்காக எடுத்துக்கொண்டால், ‘அ’வின் 3 பைட்டுகளைத் தாண்டி ‘த’வின் நடுவயிற்றில் போய் நிற்கும். அங்கே வெட்டினால் ‘அது’ என்ற சொல் சிதைந்துவிடும். ஆங்கில வரியாக இருந்தால் குறியீட்டுக் கணக்கும் பைட் கணக்கும் ஒன்றே. இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த மென்பொருள் தமிழில் தவறான இடத்தில் அடிக்கோடு இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறியீடுகளாகவோ, ஒற்றைக்கொம்பு, கால் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்து மூன்று குறியீடுகளாகவோ எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் சொல்லின் நீளம் முதல் முறையில் 12 பைட்டுகள். இரண்டாம் முறையில் 15 பைட்டுகள். அகராதியில் ஒரு விதமாகவும் நம் உரையில் மற்றொரு விதமாகவும் இருந்தால், சரியான சொல்லையும் ‘அகராதியில் இல்லை’ என்று வழங்கி சொல்லும். யூனிகோடே இதற்குச் ‘சீராக்கம்’ என்னும் முறையை வகுத்துள்ளது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் இடத்தைச் சொல்லும்போது சீராக்குவதற்கு முந்தைய உரையையே எண்ண வேண்டும். தொகுப்பியிடம் இருப்பது அதுதான்.

மொழி வழங்கி நெறிமுறை

இந்த உடன்பாடுகளை ஒவ்வொருவரும் தனித்தனியே வகுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2016 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மொழி வழங்கி நெறிமுறையை ஒரு பொதுத் தரமாக அறிவித்தது. எல்எஸ்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது நிரல்மொழிகளை மனத்தில் கொண்டு உருவானது. ஆனால் ‘இந்த இடத்தில் பிழை உள்ளது, இப்படித் திருத்தலாம்’ என்பது இயற்கை மொழிக்கும் பொருந்துமல்லவா? எனவே தமிழ் இலக்கணத் துணைக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

நாம் கண்ட மூன்று உடன்பாடுகளுக்கும் இதில் விடை உண்டு. செய்தியின் நீளம் முன்னரே சொல்லப்படுகிறது. அது பைட்டுகளில் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஆவணத்துக்குப் பதிப்பு எண்ணும் உண்டு. இடத்தை மட்டும் அது யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணுகிறது. ஆக, நீளத்துக்கு ஒரு கணக்கு, இடத்துக்கு வேறொரு கணக்கு.

நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு யூடிஎஃப்-16 அலகும் யூனிகோட் குறியீடும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். ‘தமிழ்’ அங்கும் ஐந்துதான். ஆனால் முந்திரி எனப்படும் 1/320 முதலான பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டபோது வேறு பகுதியில் இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-16இல் இரண்டு அலகுகள். உணர்ச்சிக் குறிப்படங்கள் பலவும் அப்படியே. ஒரு வரியில் அத்தகைய குறி ஒன்று வந்தால் அதற்குப் பின்வரும் எல்லா இடங்களும் ஒன்று தள்ளிப்போகும். 2022இல் வெளிவந்த 3.17ஆம் பதிப்பு, எந்தக் கணக்கில் எண்ணுவது என்பதை இரு தரப்பும் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்ய வழி செய்தது.

பாதுகாப்பு

வழங்கி எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பது மிக முக்கியம். 127.0.0.1 என்றால் நம் கணினியில் இயங்கும் நிரல்கள் மட்டுமே அழைக்க முடியும். 0.0.0.0 என்று இட்டால் கணினியின் எல்லா வலையிணைப்புகளிலும் அது காத்திருக்கும். விடுதியின் வைஃபையில் இருக்கும்போது, தடுப்புச் சுவர் ஏதும் இல்லையென்றால், அதே வலையில் உள்ள பிறரும் அதை அழைக்கலாம். நாம் எழுதும் சிறு வழங்கியில் கடவுச்சொல் எதுவும் இருக்காது என்பதை மறக்கக்கூடாது.

மறுபக்கத்திலும் கவனம் வேண்டும். விம்மின் ஜேசான் முறையில் வழங்கி பதில் மட்டுமன்றிக் கட்டளைகளையும் தொகுப்பிக்கு அனுப்பலாம். அதாவது, தொகுப்பி வழங்கியை நம்புகிறது. அறியாதவரின் வழங்கியோடு தொகுப்பியை இணைப்பது, அறியாதவரிடம் விசைப்பலகையைக் கொடுப்பதற்குச் சமம்.

நாமே செய்து பார்க்க

பைத்தனும் விம் 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் இருந்தால் இதை ஒரு வார இறுதியில் செய்து பார்க்கலாம். விம்முடன் வரும் கருவிகள் கோப்புறையில் பைத்தனில் எழுதப்பட்ட மாதிரி வழங்கி ஒன்றும் இருக்கிறது. அது 8765 என்னும் போர்ட்டில் காத்திருக்கும். அதை அடிப்படையாகக் கொண்டு பின்வரும் படிகளைச் செய்யலாம்.

1. வரும் பைட்டுகளைச் சேர்த்து வைத்து, வரிமுறிவு வந்ததும் அதுவரை உள்ளதை எழுத்தாக மாற்றுக.

2. வரியைச் சொற்களாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தையும் குறித்துக்கொள்க.

3. ‘ஒரு’ அல்லது ‘ஓர்’ என்னும் முழுச் சொல்லைக் கண்டால் அடுத்த சொல்லின் முதல் குறியீட்டைப் பார்க்க. மேற்கோள் குறி இருந்தால் அதைத் தாண்டிப் பார்க்க. அது யூனிகோடில் 2949 முதல் 2964 வரையிலான எண்ணாக இருந்தால் உயிரெழுத்து.

4. விதிக்குப் பொருந்தாவிட்டால் இடம், நீளம், சரியான சொல் ஆகிய மூன்றையும் பதிலாக அனுப்புக.

5. தொகுப்பியின் பக்கத்தில் அந்த இடத்தைப் பைட் கணக்குக்கு மாற்றிய பின்னரே திருத்துக.

அடுத்த சொல் இலக்கமாக இருந்தால் வழங்கி எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது. 8 என்பதை ‘எட்டு’ என்று படிப்பதால் ‘ஓர்’ பொருந்தும். 10 என்பதைப் ‘பத்து’ என்று படிப்பதால் ‘ஒரு’ பொருந்தும். எண்ணைச் சொல்லாக மாற்றத் தெரியாத நிரல் இதில் தீர்ப்பு வழங்கக்கூடாது. தெரியாத இடத்தில் பேசாமல் இருக்கும் துணையையே எழுதுபவர் நம்புவார்.

முடிவுரை

இந்த வட்டாரத்தில் தமிழ்க் கணிமைக்கு ஒரு வரலாறு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. கணினியில் தமிழை எழுத முடியுமா என்பது அவர்கள் தலைமுறையின் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. எழுதிய தமிழைக் கணினி சரியாகப் படிக்கிறதா, சரியாக எண்ணுகிறதா என்பது நம் தலைமுறையின் கேள்வி.

சாக்கெட் இணைப்பு நிரல்களை மட்டும் பிரித்து இணைப்பதில்லை, உழைப்பையும் பகிர்ந்தளிக்கிறது. விதிகளைத் தனிக் கோப்பாக வைத்தால், வலிமிகும் இடங்களையும் மிகா இடங்களையும் தமிழியல் மாணவர் ஒருவர் பட்டியலிடலாம். கணினியியல் மாணவர் வழங்கியைக் கவனித்துக்கொள்ளலாம். இருவரும் ஒருவர் துறையை மற்றவர் முழுதும் கற்க வேண்டியதில்லை. எதை எண்ணுகிறோம் என்பதில் உடன்பட்டால் போதும். நம் கழகத்தில் இவ்விரு துறையினரும் ஒரே அறையில்தான் கூடுகிறோம். அடுத்த ஆண்டு மலரின் மெய்ப்பைத் திருத்துவோர் கையில் இப்படியொரு கருவி இருக்குமானால், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன்.